மேகக் கணக்கில் போன புகை

அலுவலகத்தில் அவளுக்குப் புகைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே எதையும் சொல்லும் துணிச்சல் அந்த மூன்றாம் மாடியில் யாருக்கும் கிடையாது என்று அவள் நினைத்தாள். அதில் பெரிய தப்பும் இல்லை.

செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, எங்கே காடு எரிகிறது, அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே புழுதி கிளம்புகிறது என்று கோடு போட்டுக் காட்டுவது அவள் வேலை. கோடு மூன்று வகை: லேசு, நடுத்தரம், அடர்த்தி. கேட்பவர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அப்படி வாய்விட்டுச் சொன்ன நாலு பேரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, "புகை எங்க இருக்கு, விரலை வைங்க பாப்போம்" என்று கேட்டிருக்கிறாள். நாலு பேரும் மேகத்தின் மேல் விரலை வைத்தார்கள். அதில் ஒருவர் கணக்குப் பிரிவின் தலைவர்.

மேலேயிருந்து பார்த்தால் புகையும் வெள்ளை, மேகமும் வெள்ளை. பிரித்துப் பார்க்க முதலில் நேரம் தெரிய வேண்டும். காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது புகை படத்தில் துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே புகை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 'நண்பகலில் புகை முற்றிலும் கலைந்தது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்ட மேதைகளை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு, பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக வரும் படங்களை வரிசையாக ஓடவிட வேண்டும். மேகம் பொங்கும், உருமாறும். புகை இழுபட்டுக்கொண்டே போகும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் வெப்பப் படத்துக்கு மாற்றினால் போதும். அதில் மேகம் குளிர்ந்த வெள்ளையாக மறையாமல் நிற்கும். புகை காணாமல் போய் அடியிலுள்ள தரை தெரியும். விசைப்பலகையில் ஒரே ஒரு விசை. அந்த ஒரு விசையை அழுத்தச் சோம்பல்படுகிறவர்களுக்குத்தான் உலகத்தில் பதவி உயர்வு கிடைக்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு.

புழுதிக்கு வேறு படம். வற்றிப்போன உப்பு ஏரியிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பும் மண் அதில் ரோஜா நிறத்தில் வரும். ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் நின்ற ஆள் ஜன்னல் வழியே பார்த்து, "மழை வரும் போலிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். "அது மழை இல்லைங்க, மண்ணு. வாயை மூடிட்டு மூக்கைப் பொத்திக்குங்க" என்றாள். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். டிவியில் செய்தி வாசிக்கும் பெண் 'ரம்மியமான பனிமூட்டம்' என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போதெல்லாம் இவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து அவளுக்குப் பதில் சொல்வாள். அந்தப் பதில்களை இங்கே எழுத முடியாது.

புவியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது படங்கள் காகிதத்தில் அச்சாகி வரும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை, மேலே மெல்லிய தாள், மூன்று பென்சில். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பென்சில் போனது, கண் மட்டும் அதேதான். இருபத்து மூன்று வருஷம் அங்கே குப்பை கொட்டினாள். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் முடிந்தது. முடித்து வைத்தவளும் அவள்தான். புழுதி வீசும் நாளில்கூட அந்த ஆள் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவார், சொன்னால் கேட்கமாட்டார் என்பதுதான் அவள் எல்லோரிடமும் சொல்லும் காரணம். சொன்னால் கேட்காதவர்களை அவளால் மன்னிக்க முடியாது. இரண்டாம் முறை சொல்லும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

புது இயக்குநர் வந்ததோடு அவள் சிறப்புக் காலம் ஆரம்பித்தது. அவர் எங்கேயோ நிர்வாகத்தில் இருந்து வந்தவர். வானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது மேலே இருக்கிறது என்பது மட்டும். ஆனால் வர்ணம் பிடிக்கும். முதல் மாதம் சுவருக்கு வர்ணம் மாற்றினார், இரண்டாம் மாதம் கோப்புகளுக்கு. அவருக்கு அவள் வைத்த பெயர் பெயின்ட்டர். மூன்றாம் மாதம் அவர் ஒரு தானியங்கி வரைபடத்தைக் கொண்டுவந்தார். மனிதர் யாரும் கோடு போட வேண்டாம், செயற்கைக்கோள் படத்தை மெஷினே படித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பூசி, காலை எட்டு மணிக்கு நேராக ஜனங்களின் போனுக்கே அனுப்பிவிடும்.

அதைச் செய்து கொடுத்த வெளிக் கம்பெனி ஆள் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது படத்தில் அங்கங்கே சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தன.

"இதெல்லாம் என்ன இப்படி அழுக்கா இருக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

"அதெல்லாம் மேகம் சார். மேகத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. அதனால தகவல் இல்லைன்னு சாம்பல்."

"தகவல் இல்லைன்னா பிரச்னை இல்லைன்னுதானே அர்த்தம். பச்சை போட்டுடுங்க."

அவள் கையைத் தூக்கவில்லை, நேரே பேசினாள். "சார், தெரியலைங்கறது வேற, இல்லைங்கறது வேற. இன்னொண்ணு, இந்த மெஷினுக்குப் புகை ரொம்ப அடர்த்தியாப் போயிட்டா அதுவும் மேகம்தான். மேகம்னு தள்ளிடும். நீங்க அங்க பச்சை பூசிடுவீங்க. அப்ப எங்க ரொம்ப மோசமோ அங்கதான் பச்சையா வரும்."

"நீங்க எப்பவுமே நெகட்டிவ்வாவே பேசறீங்க மேடம்."

மேஜையைச் சுற்றி இருந்த பதினோரு தலைகளும் ஆடின. அதில் ஏழு பேருக்கு அவள் சொன்னது புரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். புரியாமல் ஆட்டிய நாலு பேர்மேல் அவளுக்குக் கோபமில்லை.

அவளுக்கு 'மூத்த தர ஆலோசகர்' என்று புதுப் பலகை எழுதி மேஜையில் வைத்தார்கள். படத்தைப் பார்க்கலாம், தொட முடியாது. தப்பு கண்டால் படிவம் நிரப்பி இயக்குநரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். சுத்தமாகச் சொன்னால் ஒப்புக்குச் சப்பாணி. நாலு மாதத்தில் பதினோரு படிவம் அனுப்பினாள். பதினொன்றும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று திரும்பி வந்தன. யாருடைய கவனம், எதைக் கொண்டது என்று கேட்டுப் பன்னிரண்டாவதை அனுப்பலாமா என்று யோசித்தாள். இந்த ஜன்மங்களிடம் எழுத்தைச் செலவழிப்பது வீண் என்று விட்டுவிட்டாள்.

அவளைவிட ஒன்பது வயது இளைய தம்பி ஒருவன் அவளுக்கு உண்டு. ரோடு போடும் கூட்டத்துக்கு மேஸ்திரி. இருபது வருஷம் தார்க் கொதியில் நின்று நின்று நெஞ்சில் இழுப்பு வாங்கிக்கொண்டவன். இப்போது அவன் வேலை மலையடிவாரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில். புகை இருக்கிற நாளில் அவன் வெளியே நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அதனால் பதினோரு வருஷமாகத் தினமும் காலை ஏழே முக்காலுக்கு அவளுக்குப் போன் வரும்.

"என்னக்கா, இன்னிக்கு எப்படி?"

"போ." அல்லது, "போகாதடா."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் இல்லை. ஆனால் அவள் சொல்லை அப்படியே கேட்டு நடக்கிற ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவன்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் ஏழு மணிக்கே வேலைக்கு வந்துவிடுவாள். தானியங்கி வரைபடம் போனில் வர ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அந்த அழைப்பு நின்றது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனும் பெயின்ட்டர் கட்சிக்குப் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் காட்டிய அலட்சியமெல்லாம் சேர்ந்து வலிக்காத வலி இதில் வலித்தது. இப்போதெல்லாம் எட்டு மணிக்குத்தான் வருகிறாள்.

அன்றைக்கும் எட்டுக்கு வந்தாள். கைப்பையை மாட்டிவிட்டுத் திரையைப் போட்டாள். மலைக்காட்டில் இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இரவில் காற்று திரும்பியிருந்தது. நகரத்தின் மேல் வானம் சுத்தம். மலையடிவாரத்தில் மட்டும், நெடுஞ்சாலையை முழுசாக மூடிக்கொண்டு, அடர்ந்த வெள்ளை ஒன்று கிடந்தது. வெப்பப் படத்துக்கு மாற்றும் விசையை அழுத்தினாள். வெள்ளை மறைந்தது, சாலை தெரிந்தது.

பக்கத்துத் திரையில் தானியங்கி வரைபடம். மலையடிவாரம் பச்சை. நல்ல இளம் பச்சை, இயக்குநரே நேரில் நின்று தேர்ந்தெடுத்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தோஷம் வந்தது. நாலு மாதம் காத்திருந்தது கைக்குக் கிடைத்துவிட்டது. மலையளவு புகையை மெஷின் மேகக் கணக்கில் தள்ளி, அதன்மேல் பச்சையும் பூசி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறது. இனிப் பூசி மெழுக முடியாது. எட்டு பன்னிரண்டுக்கு இயக்குநருக்கு ஒரு மெயில் அனுப்பினாள், மூன்று பேருக்கு நகல். இரண்டே வரி. அவர் காலையில் மெயில் பார்க்கமாட்டார் என்பது அந்தக் கட்டடத்தின் காவலாளிக்குக்கூடத் தெரியும். இயக்குநர் அறை ஒரு மாடி மேலே, பதினெட்டுப் படி. போய்க் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எதற்கு நான் போய்க் கெஞ்ச வேண்டும், நாறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரத்தோடு சேமித்தாள். அந்தக் கோப்புறைக்கு 'சாட்சி' என்று பெயர் வைத்தாள்.

தம்பி நினைவு வரத்தான் செய்தது. எட்டு இருபதுக்குப் போனைக் கையில் எடுத்தாள். அவன் பெயரைத் தேடினால் கீழே, ரொம்பக் கீழே கிடந்தது. கடைசி அழைப்பு நாலு மாதத்துக்கு முன்னால். அதைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. வேணும்னா அவன் கேட்கட்டுமே. மூக்கு இல்லையா அவனுக்கு, புகை வந்தால் தெரியாதா. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி எடுத்துவரப் போனாள்.

மதியம் இரண்டே முக்காலுக்கு முதல் செய்தி வந்தது. மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸ், மூச்சுத் திணறல், பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று, வரைபடம் பச்சை என்றதே என்று ஊரே கேட்கிறது. மூன்று மணிக்கு இயக்குநர் படியிறங்கி ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டை அக்குளில் நனைந்திருந்தது. அவர் பின்னால், கூட்டத்தில் தலையாட்டிய அத்தனை பேரும்.

"மேடம், இது புகைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை. "மெயில் பாருங்க சார். எட்டு பன்னெண்டு."

அவர் போனை எடுத்துத் தேடினார். தேடினார். கண்டுபிடித்துப் படித்தார். அந்த இரண்டு வரியை மறுபடி முதலிலிருந்து படித்ததை அவள் திரையின் கண்ணாடியில் பார்த்தாள். "ஒரு வார்த்தை நேர்ல வந்து..." என்று ஆரம்பித்தவருக்கு முடிக்கத் தைரியமில்லை. தலையாட்டிகளில் ஒருத்தன், "மேடம் அன்னிக்கே சொன்னாங்க சார்" என்றான். இவன் முதுகெலும்பு இத்தனை நாள் எங்கே அடமானத்தில் இருந்தது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. சாட்சிக் கோப்புறையைத் திறந்து ஒவ்வொரு படமாக அவர்களுக்குக் காட்ட ஆரம்பித்தாள். ஒன்பதாவது படத்தில் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்காங்க. மூச்சு விட முடியல. நீங்க வாங்க."

அவள் எழுந்து போனாள். படங்கள் திரையில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. சேமித்ததையெல்லாம் அச்சடித்து வைத்திருந்த உறை மட்டும் எப்படியோ கைப்பையில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்த வார்டு முழுக்க ரோடு ஆட்கள். கட்டில் போதாமல் இரண்டு பேரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தம்பி கடைசிக் கட்டிலில் இருந்தான். முகத்தை முக்கால்வாசி மறைத்தபடி ஆக்ஸிஜன் முகமூடி. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. அவளைப் பார்த்ததும் மூடியைக் கழற்றிப் பேசப் பார்த்தான். நர்ஸ் அவன் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

தம்பி மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று அவள் கேட்டாள்.

"இன்னிக்கு ராத்திரி தாண்டணும்னாரு. தாண்டிட்டாலும் இனிமே ரோட்டுப் பக்கம் போக முடியாதாம். பாதி நெஞ்சு போயிடுச்சாம்."

"பச்சைன்னு போட்டு அனுப்பிட்டாங்க, பாவிங்க" என்றாள் அவள். குரலில் மதியத்துக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "புத்தி கெட்டவங்க. நான் அன்னிக்கே சொன்னேன். அவனுங்களை விடப்போறதில்ல நான்."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு அனுப்பிட்டாங்க? அது நீங்க போடற படம்தானே அண்ணி?"

"நானா? நாலு மாசமா நான் ஒரு கோடு போடல. எல்லாம் மெஷின் போடுது."

"இவருக்கு அது தெரியாதே." தம்பி மனைவி மெதுவாகத்தான் பேசினாள். "அக்கா போடற படம் இப்ப நேரா போனுக்கே வந்துடுது, தினமும் காலைல அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான் கூப்பிடறதையே விட்டாரு. இன்னிக்கு சைட்டுல இறங்கினதுமே ஆளுங்க எல்லாரும் கண்ணு எரியுது, திரும்பிடலாம்னு சொன்னாங்களாம். இவர்தான் போனைக் காட்டி, எங்கக்கா போட்டது, பச்சைன்னா பச்சைதான், தானா கலைஞ்சிடும்னு சொல்லி வேலைக்கு விட்டிருக்காரு."

சக்கர நாற்காலியில் இருந்தவர்களில் ஒருத்தன் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு இருமினான். அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மூடிக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் குற்றம் சொல்லும் பார்வை எதுவும் இல்லை. ஏதோ தன்னால்தான் அக்காவுக்கு அலைச்சல் என்கிற மாதிரி பார்த்தான். அதுதான் அவளைக் கொன்றது.

"மெஷின் தப்பாப் போட்டிருக்குன்னு எப்ப அண்ணி தெரிஞ்சுது உங்களுக்கு? மத்தியானமா?"

பதில் மதியத்திலிருந்தே அவள் நாக்கில் தயாராக இருந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

"எட்டு பன்னெண்டு."

"காலைலயா?"

"ஆமா."

தம்பி மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் நெற்றி வேர்வையைத் துண்டால் ஒற்றினாள். துண்டை இரண்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எட்டரை வரைக்கும் வீட்டு வாசல்லதான் நின்னுட்டிருந்தாரு. வண்டி வரலைன்னு. போன் கைலதான் இருந்துச்சு" என்றாள்.